சிக் ஷாம்பு ஜெயித்தது திட்டத்தாலா, சமயத்தில் எடுத்த முடிவாலா?

மசாலா சேகர்:
தம்பி எம்பிஏ முடித்துவிட்டு வந்து, நம் மசாலா கம்பெனிக்கு ஐந்து வருடத் திட்டம் போட்டே ஆகவேண்டும் என்கிறான். சிறு கம்பெனிக்கு அதெல்லாம் வேண்டாம், கடை வாசலில் நின்று முடிவெடுக்கத் தெரிந்தால் போதும் என்பது என் கட்சி. கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயில் சிக் ஷாம்பு ஆரம்பித்தார். எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட் ஐந்தைக் கொண்டுவந்தாலும் ஒரு சிக் இலவசம் என்று ஒரு ஸ்கீம் விட்டார், சனங்கள் பழகியதும் இனி சிக் காலி பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார், சரக்கு பறந்தது. இதை எந்தத் திட்டத்தில் எழுதி வைத்திருக்க முடியும்?

ராதா கோவை:
சேகர் சார், ஸ்கீமை மட்டும் பார்க்கிறீர்கள். ஷாம்புவே போடாத கிராமத்து ஆட்களுக்குத்தான் விற்பது என்பதை அவர் முதலிலேயே தீர்மானித்துவிட்டார். ஊர் ஊராகப் போய் ஒரு பையனுக்குத் தலை குளிப்பாட்டி, முடியைத் தொட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள் என்று காட்டினார்களே, அது அந்தத் தீர்மானத்திலிருந்து வந்ததுதான். 1999-இல் 50 காசு பாக்கெட் வந்ததும் அப்படித்தான். விலையை முதலில் வைத்துக்கொண்டு கவர், சரக்கு, கடைக்காரர் மார்ஜின் எல்லாவற்றையும் அதற்குள் அடக்க வேண்டும், ஒரே நாளில் நடக்கிற வேலையா அது?

மசாலா சேகர்:
ஜெயித்த பிறகு எல்லாமே திட்டம் மாதிரிதான் தெரியும் மேடம். டாடா நானோவைப் பாருங்கள், அதைவிடப் பெரிய திட்டமா? ஒரு லட்ச ரூபாய் கார் என்று விலையை முதலில் வைத்துத்தான் அவர்களும் செய்தார்கள். குஜராத்தின் சாணந்தில் வருடத்துக்கு 2.5 லட்சம் கார் செய்யும் அளவுக்குத் தொழிற்சாலை, ஆனால் எந்த வருடமும் ஒரு லட்சம்கூட விற்கவில்லை, 2018-இல் நிறுத்தியே விட்டார்கள்.

ராதா கோவை:
நானோ என் பக்கத்துக்குத்தான் சாட்சி. 2008-இல் மேற்கு வங்கத்தின் சிங்கூரில் நிலம் எடுத்ததை எதிர்த்த போராட்டம் முற்றியதும் தொழிற்சாலையையே பெயர்த்து குஜராத்துக்குக் கொண்டுபோனார்கள். அதைவிடத் துணிச்சலான உடனடி முடிவு உண்டா? இருந்தும் வண்டி விற்கவில்லையே. 'மலிவான கார்' என்ற பேரோடு வாங்க சனங்களுக்கு மனசு வரவில்லை. யாருக்கு, எதற்காக விற்கிறோம் என்ற அடிப்படையே பிசகினால் அப்புறம் எவ்வளவு சாமர்த்தியமாக ஓடினாலும் பிரயோசனம் இல்லை.

ஸ்டாக்கிஸ்ட் வேலு:
நான் ராதா மேடம் பக்கம், ஆனால் முழுசாக இல்லை. ஒரு பிரபல கம்பெனியின் சரக்கு எடுக்கிறேன். எதிராளி பெட்டிக்கடையில் பத்து சரத்துக்கு ஒரு சரம் இலவசம் கொடுக்கிறான், நானும் கொடுக்கலாமா என்று கேட்டால் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வருவதற்குள் மாதம் முடிந்துவிடுகிறது. திட்டம் போடுங்கள், ஆனால் எதையெல்லாம் கேட்காமல் மாற்றலாம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். சேகர் அண்ணே, உங்கள் மசாலா வீட்டுக்கா, ஹோட்டலுக்கா? அது தெரியாமல் சேல்ஸ்மேன் எந்த ஸ்கீமைக் கொடுப்பான்?

மசாலா சேகர்:
இரண்டுக்கும்தான் போகிறது வேலு. ஹோட்டலுக்குக் கடன் அதிகம், வீட்டு பாக்கெட்டில் காசு உடனே வருகிறது. எதை விடுவது என்று நானும் தம்பியும் இன்னும் பேசவே இல்லை. ஐந்து வருடத்தை நான் இப்போதும் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆனால் இதை அவனோடு உட்கார்ந்து பேசித்தான் ஆகவேண்டும். ஹோட்டல் கடனை நீங்கள் எத்தனை நாள் வரை விடுகிறீர்கள்?