புதுப்பிப்பு: பேஸ் பாயின்டருக்குப் பின்னால் இருக்கும் உண்மையான வகை

சி++ நிரலில் டிரைவ்டு கிளாஸ் ஆப்ஜெக்டைச் சுட்டும் பேஸ் கிளாஸ் பாயின்டரை ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் அச்சிட்டால் டிரைவ்டு கிளாஸின் உறுப்புகள் தெரியவில்லை என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

ஆப்ஜெக்டில் இருக்கும் விடேபிளின் (விர்ச்சுவல் ஃபங்ஷன்களின் முகவரிப் பட்டியல்) முகவரி எந்தச் சிம்பலுக்குள் (பைனரியில் பதிவான பெயர்) விழுகிறது என்று பார்த்துத்தான் ஜிடிபி உண்மையான வகையைக் கண்டுபிடிக்கிறது. நான் சிம்பல்களை ஸ்ட்ரிப் செய்த, அதாவது நீக்கிவிட்ட, பைனரியை வைத்துக்கொண்டு தேடியிருக்கிறேன், அதில் எப்படிக் கிடைக்கும்! ஸ்ட்ரிப் செய்யாத பைனரியில் 'செட் பிரின்ட் ஆப்ஜெக்ட் ஆன்' கொடுத்ததும் எல்லாம் வந்தது.

அப்புறம், விடேபிளின் அமைப்பு கம்பைலருக்குக் கம்பைலர் மாறும். 2001இல் வந்த ஜிசிசி 3.0 கம்பைலர் ஐட்டேனியம் ஏபிஐக்கு (ஆப்ஜெக்ட், விடேபிள் போன்றவை நினைவகத்தில் எப்படி அமைய வேண்டும் என்ற விதித்தொகுப்பு) மாறியது. அதில், 64 பிட்டில், ஆப்ஜெக்டில் உள்ள விடேபிள் முகவரி சுட்டும் இடத்துக்கு 8 பைட் முன்னால் வகைத் தகவலின் முகவரி, 16 பைட் முன்னால் ஆப்ஜெக்டின் தொடக்கத்துக்கான தூரம். இந்த வேறுபாடுகளை எல்லா இடத்திலும் சிதறவிடாமல், ஒவ்வொரு ஏபிஐக்கும் தனி ஃபங்ஷன் தொகுப்பாக ஜிடிபி பிரித்து வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எந்த ஏபிஐ தேர்வாகியிருக்கிறது என்று பார்க்க 'ஷோ சிபி-ஏபிஐ' போதும்.