வண்டலூர் உயிரியல் பூங்காவில் மாணவர்களுக்கு எதைக் காட்டலாம்?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். நான் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை. அடுத்த மாதம் முப்பத்திரண்டு மாணவர்களை வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு ஒரு நாள் அழைத்துச் செல்கிறோம். நான் சிறுமியாக இருந்தபோது அங்கே சென்று, வரிசை கலையாமல் ஓடி, வெள்ளைப்புலி தூங்குவதை எட்டிப் பார்த்து, புளியோதரை சாப்பிட்டுத் திரும்பினோம். கற்றுக்கொண்டதாக ஒன்றும் நினைவில் இல்லை. என் மாணவர்களுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது. தவிர, "காட்டில் இருக்க வேண்டியதை ஏன் டீச்சர் அடைத்து வைக்கிறார்கள்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு நேர்மையாக என்ன பதில் சொல்வது?

பதில் 1 (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

அம்மா, நான் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன். அந்தப் பூங்காவின் கதையிலிருந்தே தொடங்குங்கள். 1855-இல் சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர், அந்த வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்துக் காட்டத் தொடங்கினார். பிறகு அவை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறின. சென்னை மக்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் "செத்த காலேஜ்" என்றும் விலங்குக் காட்சிசாலையை "உயிர் காலேஜ்" என்றும் அழைத்தார்கள். பள்ளிக்கூடமே போகாதவர்களும் அந்த இரண்டையும் காலேஜ் என்று சொன்னது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

நான் சிறுவனாக அங்கே பார்த்தது, கம்பிக்குப் பின்னால் நான்கு தப்படி முன்னும் பின்னுமாக ஓயாமல் நடந்துகொண்டிருந்த ஒரு சிறுத்தை. அதன் கால்பட்டுச் சிமெண்டுத் தரை ஒரு கோடாக வழுவழுப்பாகியிருந்தது. நகர நெரிசலில் இடம் போதாமல்தான் 1985-இல் வண்டலூரில், சுமார் 600 ஹெக்டேர் காட்டுப் பரப்பில், கம்பிக்குப் பதிலாக அகழி வெட்டிய திறந்த வளாகங்களோடு புதிய பூங்கா திறக்கப்பட்டது. உங்கள் மாணவி கேட்ட கேள்வியை அந்த இடமாற்றத்தோடு சேர்த்துப் பேசலாம்.

பதில் 2 (வில்லியனூர்)

நான் விலங்கியல் முதுகலை மாணவி. எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். சோலைமந்தி என்றும் சொல்லப்படும் சிங்கவால் குரங்கின் முன் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். கரிய உடல், முகத்தைச் சுற்றி வெள்ளிநிறப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். பழத்தை உடனே விழுங்காமல் கன்னத்துப் பையில் அடக்கிக்கொள்ளும்போது ஒரு பக்கக் கன்னம் மட்டும் புடைத்துத் தெரிவதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கட்டும்.

இந்தக் குரங்கு உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் இயற்கையாக வாழ்கிறது. மரக்கிளை வழியாகவே நடமாடும் இனம் என்பதால், தேயிலை, காப்பித் தோட்டங்களும் சாலைகளும் காட்டைத் துண்டுபோட்டபோது ஒரு கூட்டம் மற்றொரு கூட்டத்தை அடைய முடியாமல் போயிற்று. ஈனுவதும் மெதுவாகத்தான். அதனால்தான் வண்டலூரில் இதற்கு இனப்பெருக்கத் திட்டம் நடக்கிறது. மாணவியிடம் இதைச் சொல்லுங்கள். கூடவே, காடு திரும்பாமல் குட்டிகள் மட்டும் பெருகினால் அவை போவதற்கு இடம் இருக்காது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நம் கடற்கரையில் பங்குனி ஆமையின் முட்டைகளைப் பொரிப்பகத்தில் காத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்த்த பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். அதை நினைவூட்டினால் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

பதில் 3 (திருப்பாதிரிப்புலியூர்)

செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. திண்டிவனம் வழியாகச் செல்லும் பேருந்தில் கிளாம்பாக்கத்தில் இறங்கினால் பூங்கா மிக அருகில். விலங்குகளுக்குத் தீனி போடுவதும் அவற்றைச் சீண்டுவதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை வண்டியில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். குரங்குக்குச் சிப்ஸ் எறிந்த பெரியவர் ஒருவரை என் மகன் தடுத்தபோது, அவர் சிறிதும் வெட்கப்படாதது என்னை மிகவும் வருத்தியது.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வியாழக்கிழமை செல்வதாக மாற்றிவிட்டோம். வெள்ளைப்புலியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, சிங்கவால் குரங்கையும் ஓட்டேரி ஏரியில் இறங்கும் பறவைகளையும் மட்டும் காலையில் பார்க்கிறோம். அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவியிடமே குறிப்பேட்டை ஒப்படைத்திருக்கிறேன். அவள் எழுதிக் கொண்டுவருவதை இங்கே பகிர்கிறேன்.