பிளேசெட்டுக்குத் தமிழ் என்ன? பொம்மைக்கான பொம்மைக் கடைச் சிக்கல்

அனைவருக்கும் வணக்கம்.

சிறுவர் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு சொற்றொடரில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பொருள், அமெரிக்கன் கேர்ள் பொம்மைகள். 1986-இல் பிளெசன்ட் ரோலண்ட் விஸ்கான்சினில் தொடங்கிய வரிசை. பொம்மை ஒவ்வொன்றும் 18 அங்குல உயரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம், ஒரு கதை. முதலில் வந்த மூவரில் கிர்ஸ்டனுக்கு 1854, சமந்தாவுக்கு 1904, மாலிக்கு 1944. இவற்றை 'ஹிஸ்டாரிகல் டால்ஸ்' என்கிறார்கள்.

இவற்றோடு வைத்து விளையாட ஒரு 'டாய் ஷாப் பிளேசெட்'. கடை முகப்பு, கல்லா மேசை, அலமாரி, அலமாரி நிறையக் குட்டிக் குட்டி விளையாட்டுச் சாமான்கள். என் முதல் வரைவு இது: 'வரலாற்றுப் பொம்மைகளுக்கான பொம்மைக் கடை விளையாட்டுத் தொகுப்பு'. எட்டாம் வகுப்பு படிக்கும் மகளிடம் வாசித்துக் காட்டினேன். "பழைய பொம்மை விற்கிற கடையாம்மா? அங்கே விளையாட்டுப் போட்டி வேற நடக்குதா?" என்று கேட்டாள். காப்பாற்றுங்கள்.

* * *

வணக்கம் அம்மா.

உங்கள் மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். கோளாறு பிளேசெட்டில் தொடங்கவில்லை, பொம்மையில் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் டால் வேறு, டாய் வேறு. நாம் இரண்டையும் பொம்மை என்கிறோம். கார் பொம்மை, யானை பொம்மை, கல்யாணப் பொம்மை, எல்லாம் பொம்மைதான். பேச்சில் இது இடறுவதில்லை. உங்கள் தொடரில் டால், டாய், கடை மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்வதால் இடறுகிறது. போதாததற்கு, சமந்தாவுக்கே லிடியா என்று ஒரு பொம்மை உண்டு, அதே வரிசையில் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஆடி என்ற சிறுமிக்கு ஐடா பீன் என்ற துணிப் பொம்மை உண்டு. ஆக, பொம்மையின் பொம்மையை விற்கும் பொம்மைக் கடையாகிய பொம்மை! இந்த வாக்கியத்தை எந்தக் குழந்தையும் தாங்காது.

நமக்குப் பாவை என்ற சொல் சும்மாதானே கிடக்கிறது? மனித உருவில் இருப்பது பாவை, மற்ற விளையாட்டுப் பொருள் பொம்மை என்று இந்தக் கட்டுரைக்குள் மட்டுமாவது பிரித்துக்கொள்ளுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

அடுத்து, 'வரலாற்றுப் பாவை' என்றால் பழைய பாவை என்று எடுத்துக்கொள்வார்களா? அந்த அச்சம் எனக்கு அதிகம் இல்லை. வரலாற்றுப் புதினம் என்றால் பழைய புதினம் என்று யாரும் நினைப்பதில்லை. இன்று எழுதியது, அன்று நடப்பது, அவ்வளவுதான். நூறு வயதான பீங்கான் முகப் பாவையைச் சொல்ல வேண்டி வந்தால் அதற்குப் பழம்பாவை இருக்கட்டும். இரண்டும் ஒன்றல்ல என்பதை அந்தக் கடையின் அலமாரியே சொல்லும். சமந்தாவின் 1904-ஆம் ஆண்டுக் கடையில் டெடி கரடியை வைக்கலாம். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் வேட்டையில் கரடியைச் சுட மறுத்த கதை பரவி, புரூக்ளின் கடைக்காரர் மிக்டம் 'டெடி' என்ற அவருடைய செல்லப்பெயரில் கரடி தைத்தது 1902-இல். பக்கத்தில் எட்டு நிறம் கொண்ட கிரேயோலா பெட்டியும் வைக்கலாம், அது 1903. ஆனால் 1934-இல் வாழும் கிட் என்ற பாவைக்கு மோனோபோலி அட்டை கிடையாது, பார்க்கர் பிரதர்ஸ் அதை விற்கத் தொடங்கியது மறு ஆண்டுதான். மாலிக்கு ஸ்லிங்கி சுருள்கம்பியும் கிடையாது, அது 1945 கடைசியில் பிலடெல்பியாவில் வந்தது. அவள் காலத்தில் போருக்காக உலோகப் பொம்மை செய்வதையே கட்டுப்படுத்தியிருந்தார்கள், அட்டையும் மரமும்தான் கதி. ஆக இங்கே 'வரலாற்று' என்ற அடை பாவையின் வயதைச் சொல்லவில்லை, அவள் வாழும் ஆண்டைச் சொல்கிறது. கடைச் சரக்கும் அந்த ஆண்டுக்கு அடங்கித்தான் இருக்க வேண்டும்.

இப்போது பிளேசெட். 'விளையாட்டுத் தொகுப்பு' என்றால் கிரிக்கெட் செய்தித் தொகுப்பு. 'விளையாட்டுத் தொகுதி' என்றால் யார் வேட்பாளர் என்று கேட்பார்கள். ஆடுகளம் வேண்டவே வேண்டாம்.

ஜெர்மானியரைப் பாருங்கள். குழந்தைகள் கடை வைத்து விளையாடும் மரப்பெட்டிக்கு அவர்களிடம் நெடுநாளாக உள்ள பெயர் கௌஃப்மன்ஸ்லாடன், வணிகர் கடை, அவ்வளவே. செட் என்றோ விளையாட்டு என்றோ ஒரு வால் இல்லை. நம் கொலுப்படியில் பருப்பு, மிளகாய் பரப்பி உட்கார்ந்திருக்கும் செட்டியாரும் செட்டிச்சியும் அதே இனம்தான். அதை யாரும் 'மளிகைக் கடைக் காட்சித் தொகுப்பு' என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் கொலு வியாபாரிகள் தயங்காமல் 'கல்யாண செட்', 'கிரிக்கெட் செட்' என்கிறார்கள். ஒன்றும் அமையாவிட்டால் 'கடை செட்' என்று எழுதிவிட்டுப் போகலாம், குற்றமில்லை.

எனக்கு மனத்தில் உள்ள சொல் சிற்றில். சிறுமியர் மணலில் கட்டி விளையாடும் குட்டி வீடு. கலித்தொகையில் உண்டு, ஆண்டாளிடம் உண்டு, பிள்ளைத்தமிழில் அதற்கென்று ஒரு பருவமே உண்டு. விளையாட்டுக்காகச் சிறிதாக்கிய இடம் என்ற பொருளை ஒரே சொல்லில் தருகிறது. 'கடைச் சிற்றில்' எப்படி?

* * *

ஐயா, மன்னிக்கவும், சிற்றிலுக்கு என் ஓட்டு இல்லை.

சிற்றில் வீடுதான், கடை அல்ல. இல் என்று அதன் வாலிலேயே எழுதியிருக்கிறது. அதோடு, சிற்றில் என்றாலே விளையாட்டு என்றும் இல்லை. "சிற்றில் நற்றூண் பற்றி" என்று புறநானூற்றில் வருவது உண்மையான வீடு. மகன் எங்கே என்று கேட்டால், புலி இருந்து போன குகை போன்றது என் வயிறு என்கிறாள் அதில் ஒரு தாய். அந்தத் தாயிடம் போய் பிளேசெட் என்றால் புலியைக் காட்டுவாள். மூன்றாவது காரணம் எனக்கு முக்கியம். நீங்கள் சொன்ன பிள்ளைத்தமிழ்ப் பருவத்தில் சிற்றிலின் வேலையே சிதைவதுதான். காசு கொடுத்து வாங்கிய சாமானுக்கு அந்தப் பெயர் வைக்கலாமா?

நம் வீடுகளில் உயிரோடு இருக்கும் சொல்லை விட்டுவிட்டு எங்கெங்கோ போகிறோம். சொப்பு. சொப்புச் சாமான் வைத்து விளையாடாத பெண்பிள்ளை உண்டா? அடுப்பு, பானை, அம்மி, உரல், ஆட்டுக்கல் என்று மரத்திலோ மண்ணிலோ மாக்கல்லிலோ செய்த குட்டிச் சாமான்கள், ஓலைப் பெட்டிக்குள் கூட்டமாக. விளையாட்டுக்கு, சிறியது, ஒன்றாக வருவது. பிளேசெட்டுக்கு வேண்டிய மூன்றும் அதில் இருக்கின்றன. செப்பு என்பதன் பேச்சு வடிவம்தான். குறளில் "செப்பின் புணர்ச்சிபோல்" என்று வரும் செப்பு மூடி போட்ட சிமிழ், சொப்புக்கும் அந்தச் சிமிழின் சாயல் இருக்கத்தான் செய்கிறது.

'சொப்புக் கடை' என்று போடலாமே?

* * *

அம்மாடி, சொப்பைக் கொண்டுவந்தீர்களே, அதற்காகவே சிற்றிலைத் திரும்பப் பெறுகிறேன். புறநானூற்றுத் தாயிடம் நான் வாய் கொடுக்கத் தயாரில்லை.

ஆனால் 'சொப்புக் கடை' உதவாது. அது சொப்பை விற்கும் கடை. நாம் எந்தக் குழியிலிருந்து ஏறி வந்தோமோ, மறுபடி அதே குழி. தமிழில் இப்படிச் சொற்கள் சேர்ந்த தொகையில் கடைசிச் சொல்தான் பொருள், முன்னால் நிற்பதெல்லாம் அடை. ஆகவே திருப்பிப் போடுவோம்: கடைச்சொப்பு. கடையாகிய சொப்பு, இருபெயரொட்டு, ஒற்று மிகும். இந்த அச்சில் வேண்டியதை வார்த்துக்கொள்ளலாம். அடுக்களைச்சொப்பு, மருத்துவச்சொப்பு, பள்ளிச்சொப்பு. அமெரிக்கன் கேர்ளிலேயே சமந்தாவுக்கு ஐஸ்கிரீம் கடை வந்திருக்கிறது. ஐஸ்கிரீம்கடைச்சொப்பு என்றால் எட்டாம் வகுப்புக்கு விளங்காதா?

ஒரு தடை வரும், அதை நானே சொல்லிவிடுகிறேன். சொப்பு என்றால் உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். 18 அங்குலப் பாவைக்கான கடையை யார் உள்ளங்கையில் வைப்பது? அந்தப் பாவைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவு. மூன்றடிக் கல்லா மேசை ஓரடி ஆகும், அலமாரியோ சிறுமியின் இடுப்பு உயரம் வரும். இது மெய்யான குறைதான். ஆனால் அலமாரியில் இருக்கும் சாமான்கள் அசல் சொப்பு அளவே, விளையாட்டும் அவற்றில்தான் நடக்கிறது. பெட்டி பெரிதென்பதால் சொப்பு சொப்பில்லாமல் போய்விடாது என்பது என் கட்சி.

ஆக முழுத் தொடர்: 'வரலாற்றுப் பாவைகளுக்கான பொம்மைக்கடைச்சொப்பு'.

* * *

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. மகளிடம் வாசித்தேன். "ஓ, அந்தக் காலத்துப் பொம்மைக் கடை, ஆனா சொப்பு" என்றாள். பாவை என்ற சொல் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் 'பாட்டி காலத்துச் சொல்லாக' இருக்கிறதாம். பரவாயில்லை, வரலாற்றுப் பாவைதானே.

ஆசிரியருக்கு அனுப்பிவிட்டேன். படத்தின் கீழே மட்டும் இடம் போதாமல் 'கடைச்சொப்பு' என்று சுருக்கியிருக்கிறேன். தோட்டத்தில் போடும் ஊஞ்சலும் சறுக்கலும் சேர்ந்த சட்டகத்தையும் அமெரிக்காவில் பிளேசெட் என்றுதான் சொல்கிறார்களாம். அது சொப்பில் அடங்காது, அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். அப்புறம் ஒரு வேண்டுகோள்: பன்மை சொப்புகளா, சொப்புக்களா என்று தயவுசெய்து யாரும் இங்கே ஆரம்பிக்க வேண்டாம்.