டேசியஸ் காலத்துப் பலிச்சீட்டில் என்னதான் எழுதியிருந்தது?

பனையோலை:
ரோமைப் பேரரசர் டேசியஸ் காலத்தில், கி.பி. 250 வேதகலாபனையில் (கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டபோது) எல்லாரும் ரோமைத் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்குச் சீட்டு வாங்க வேண்டியிருந்ததாம். லிபெல்லுஸ் என்கிறார்கள். "நான் கிறிஸ்தவன் இல்லை" என்று எழுதிக் கொடுப்பதா அது? காசு கொடுத்து வாங்கியவர்களைச் சபை என்ன செய்தது?

மணற்சுவடி:
"கிறிஸ்தவன்" என்ற சொல்லே அதில் வராது. எகிப்தின் மணலில் தப்பிக் கிடைத்த பாப்பிரஸ் சீட்டுகள் நாற்பதுக்கும் மேல். பெரும்பாலானவை ஃபாயூம் வட்டாரத்தவை, கிரேக்கத்தில் எழுதியவை. வடிவில் அது ஒரு மனு. "பலிகளை மேற்பார்க்க நியமிக்கப்பட்டோருக்கு" என்று தொடங்கும். அடுத்து பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது, சிலதில் அங்க அடையாளமும் உண்டு. ஒன்றில் அவுரேலியுஸ் தியோகெனெஸ், சதபுஸ் மகன், வயது 72, வலப் புருவத்தில் தழும்பு என்று இருக்கிறது. பிறகு உறுதிமொழி: எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தேன், இப்போதும் ஆணைப்படி உங்கள் கண்முன் மது வார்த்தேன், பலியிட்டேன், படையலில் உண்டேன், சான்றொப்பம் தருக. கீழே அதிகாரிகளின் கையொப்பம், தேதி. 250 ஜூன், ஜூலைத் தேதிகள்தான் கிடைத்திருக்கின்றன.

"எப்போதும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு நாள் பலியிட்டதற்கான ரசீது மட்டுமில்லை அது, கடந்த காலத்துக்கும் சேர்த்துத் தரும் வாக்குமூலம்.

பனையோலை:
அப்படியானால் சீட்டு வாங்கியவர்களெல்லாம் சந்தேகத்துக்கு ஆளான கிறிஸ்தவர்களா?

மணற்சுவடி:
இல்லை. பெதெசூகோஸ் என்ற முதலைத் தெய்வத்தின் பூசாரிப் பெண் ஒருத்தியின் சீட்டே கிடைத்திருக்கிறது! ஆணை எல்லாருக்கும் பொது. 212இல் பேரரசர் கரகல்லா சுதந்திர மக்கள் அனைவருக்கும் ரோமைக் குடியுரிமை கொடுத்துவிட்டார். புதுக் குடிமக்கள் அவருடைய குடும்பப் பெயரை ஏற்றார்கள், அதனால்தான் சீட்டுக்குச் சீட்டு "அவுரேலியுஸ்". அதற்கு முன், பேரரசர் டிராஜன் காலத்தில் கிறிஸ்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டாம், யாராவது குற்றம் சாட்டி நிரூபித்தால் மட்டும் தண்டிக்கலாம் என்பதுதான் நடைமுறை. டேசியஸ் ஆணையில் குற்றம் சாட்ட ஆளே தேவைப்படவில்லை. பாப்பரசர் ஃபேபியன் 250 ஜனவரியிலேயே மறைசாட்சியாக இறந்தார்.

திராட்சைக்கொடி:
காசு விஷயத்துக்கு வருகிறேன். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியானின் கடிதங்களில் இது விரிவாக இருக்கிறது. பலியிட்டவர் சக்ரிஃபிகாதி, தூபம் மட்டும் போட்டவர் தூரிஃபிகாதி, பலியிடாமல் காசு கொடுத்தும் மற்றபடியும் சீட்டு மட்டும் பெற்றவர் லிபெல்லாதிகி. 251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் சங்கம் சீட்டுக்காரர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. பலியிட்டவர்களுக்குத் தவம், மரணத் தறுவாயில்தான் நற்கருணை.

பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. லிபெல்லுஸ் என்ற பெயரில் இன்னொரு சீட்டும் இருந்தது. விசுவாசத்தை மறுக்காததால் சிறையில் இருந்த விசுவாச அறிக்கையாளர்கள், பலியிட்டோ சீட்டு வாங்கியோ தவறியவரைச் சபையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி எழுதிய சமாதானச் சீட்டு அது. கடிதத்தில் வெறுமனே லிபெல்லுஸ் என்று வந்தால் யார் யாருக்குக் கொடுத்தது என்று பார்த்த பிறகே பொருள் கொள்ளுங்கள். சிப்ரியானுக்கு அதிகத் தலைவலி கொடுத்தது இந்த இரண்டாவது சீட்டுதான். சிலதில் "இன்னார் தம் ஆட்களோடு சேர்க்கப்படுக" என்று மட்டும் இருந்தது. அதைக் காட்டி இருபது, முப்பது பேர் உறவினர், பணியாளர் என்று வந்து நிற்க இடமுண்டு என்பதால், ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனியே எழுதும்படி அவர் கேட்டார்.