தனியார் விமானி உரிமம் கிடைத்துவிட்டது. பயிற்சிப் பணத்தை இப்போதே கட்டலாமா?

கோத்தகிரிப் பெண்:
வணக்கம். சென்ற மாதம் தனியார் விமானி உரிமம் வாங்கினேன். பறந்த நேரமாகப் பதிவேட்டில் 52 மணி நேரம் இருக்கிறது. சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வணிக விமானி உரிமம் வேண்டும்; அதற்கு 200 மணி நேரம். இந்த வாரமே முன்பணம் கட்டினால்தான் இடம் என்கிறது ஒரு பயிற்சி நிறுவனம். எங்களுக்கு இருப்பது இரண்டு ஏக்கர் தேயிலை. அப்பா அதை அடமானம் வைக்கப் பத்திரத்தை எடுத்துவிட்டார். எனக்குத்தான் கை நடுங்குகிறது.

குன்னூர், ஓய்வுபெற்ற விமானி:
கட்டாதே அம்மா. முதலில் முதல் வகுப்பு மருத்துவச் சான்று வாங்கு. இப்போது உன்னிடம் இருப்பது இரண்டாம் வகுப்பு; அதை வைத்து வணிக உரிமம் பெற முடியாது. என்னோடு சேர்ந்த ஒருவர் முழுப் பணத்தையும் கட்டிய பிறகுதான் அவருக்குச் செவித்திறன் போதாது என்று தெரிந்தது. அந்த வீட்டில் விழுந்த அடியை நேரில் பார்த்தவன் நான்.

அடுத்தது எழுத்துத் தேர்வுகள். தேர்ச்சிக்கு 70 சதவீதம். வீட்டிலிருந்தே படிக்கலாம். வானிலையியலுக்கு உன் ஊரைவிட நல்ல வகுப்பறை கிடையாது. ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி குறையும் என்று புத்தகம் சொல்லும். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி ஊட்டியில் இறங்கியவருக்கு அது உடம்பிலேயே தெரியும். ஆனால் ஜனவரியில், வானம் தெளிந்த இரவுக்குப் பின், பள்ளத்துத் தேயிலை உறைபனியில் கருகுகிறது, மேட்டுத் தேயிலை தப்புகிறது. ஏன்? தரை வெப்பத்தை இழக்கிறது. குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. இதை உன் அப்பாவிடம் கேட்டுப் படி.

இன்னொன்று, மனம் கனக்கத்தான் எழுதுகிறேன். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விழுந்தது. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்து, விமானியின் திசையுணர்வு குழம்பியதே காரணம் என்று விமானப்படையின் விசாரணை கூறியது. அனுபவம் மிக்கவர்களுக்கே அந்த நிலை. நீ இதுவரை கற்றது கண்ணால் பார்த்து ஓட்டுவது. வணிக உரிமத்துக்குக் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி 10 மணி நேரம் போதும். மேகத்துக்குள்ளும் கருவிகளை நம்பி ஓட்ட அனுமதிக்கும் கருவித் தகுதிக்கு 40 வேண்டும். நிறுவனத்தில் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பயிற்சியை யார், எப்படித் தருகிறார்கள் என்பதைத்தான்.

கொடைக்கானல் மாணவன்:
அக்கா, உங்கள் 52 மணி நேரம் வீணாகாது, 200-இல் சேரும். அதில் நீங்களே பொறுப்பு விமானியாக ஓட்டியது எவ்வளவு என்று தனியாகக் கூட்டிப் பாருங்கள். அந்தக் கணக்கில் 100 வேண்டும். 300 கடல் மைல் தூரம் பறக்கும் பயணம் ஒன்றும் முடித்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்தீர்களா? நான் வணிகவியல் பிரிவு. சேரும்போது அவற்றைக் கேட்டார்கள். திறந்தநிலைப் பள்ளியில் எழுதி முடிக்க ஓராண்டு போனது.

கோத்தகிரிப் பெண்:
இயற்பியல், கணிதம் இரண்டும் படித்திருக்கிறேன் தம்பி. ஐயா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பத்திரம் பீரோவுக்குள் திரும்பிவிட்டது. திங்களன்று மருத்துவப் பரிசோதனைக்குப் பதிவு செய்கிறேன். ஒரு வாரமாகச் சளி, காது அடைப்பு. அப்படியே போகலாமா?

குன்னூர், ஓய்வுபெற்ற விமானி:
வேண்டாம் அம்மா. காது அடைத்திருந்தால் செவித்திறன் குறைவாகப் பதிவாகும். முழுதும் குணமான பிறகு தேதி வாங்கு.