‘விலை ஏறும் என்ற கருத்து’: இந்தத் தொடருக்கு என்ன பெயர் வைப்பது?

குழுவினருக்கு வணக்கம்.

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்காக ஆங்கில இலக்கணக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல் கிடைக்காமல் மூன்று நாளாக நிற்கிறேன்.

ஆங்கிலத்தில் வியூ, கிளெய்ம், பிலீஃப், இம்ப்ரெஷன் மாதிரியான பெயர்ச்சொற்களுக்குப் பின்னால் ‘தட்’ போட்டு ஒரு முழு வாக்கியத்தையே கோத்துவிடுவார்கள். ‘தெ வியூ தட் பிரைசஸ் வில் ரைஸ்’: விலை ஏறும் என்ற கருத்து. ‘தெ வியூ தட் ஹீ எக்ஸ்பிரஸ்ட்’: அவர் சொன்ன கருத்து. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவதில் ‘தட்’டுக்குப் பதில் ‘விச்’ போடலாம், ஒன்றுமே போடாமலும் விடலாம். முதலாவதில் ‘விச்’ நுழையவே நுழையாது.

இரண்டாவதற்குப் பெயரெச்சத் தொடர் என்று எழுதிவிட்டேன். முதலாவதற்கு டென்மார்க் மொழியியலாளர் யெஸ்பர்சன் வைத்த பெயர் ‘கன்டென்ட் கிளாஸ்’, அதாவது உள்ளடக்கத் தொடர். 1985இல் தங்கள் ஆங்கில இலக்கண நூலில் குவர்க் குழுவினர் ‘அப்போசிட்டிவ் கிளாஸ்’ என்றார்கள். 2002இல் இன்னொரு இலக்கண நூல் எழுதிய ஹடில்ஸ்டனும் புல்லமும் யெஸ்பர்சன் பெயருக்கே திரும்பினார்கள். நான் ‘உள்ளடக்கத் துணைத்தொடர்’ என்று வைத்திருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை. உதவுங்கள்.

(கோவையிலிருந்து)

* * *

வணக்கம் சார். ‘உள்ளடக்கம்’ வேண்டாம். பிள்ளைகள் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் புரட்டுவார்கள். ‘என்ற-தொடர்’ என்று வையுங்கள், சொன்னவுடன் பிடிபடும்.

போன வாரம் பதினொன்றாம் வகுப்பில் இதையேதான் நடத்தினேன். ‘தெ நியூஸ் தட் ஹீ பிராட்’, ‘தெ நியூஸ் தட் ஹீ வன்’ என்று இரண்டையும் கரும்பலகையில் எழுதித் தமிழில் சொல்லச் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, “அவன் கொண்டுவந்த செய்தி, அவன் ஜெயித்த செய்தி” என்றாள். இரண்டாவது தப்பு, ‘ஜெயித்தான் என்ற செய்தி’ என்று வர வேண்டும் என்று திருத்த வாயெடுத்தேன். அப்புறம் யோசித்தால், ‘ஜெயித்த செய்தி’ நல்ல தமிழ்தானே? அப்படியே நின்றுவிட்டேன். பெரியவர்கள் யாராவது விளக்குங்கள்.

(மதுரையிலிருந்து)

* * *

அன்புள்ள அம்மா, உங்கள் மாணவி நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறாள்.

பெயரெச்சம் எந்தெந்தப் பெயரைக் கொண்டு முடியும் என்று நன்னூல் ஆறு பொருள் சொல்கிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். உண்ட சாத்தன், உண்ட கலம், உண்ட இல்லம், உண்ட ஊண், உண்ட நாள், உண்ட சோறு. ‘அவர் சொன்ன கருத்து’ இதில் அடங்கும். கருத்து அங்கே செய்பொருள். ‘விலை ஏறும் என்ற கருத்து’ அடங்காது. ஏறுவதற்கும் கருத்துக்கும் அந்த ஆறில் ஓர் உறவும் இல்லை. அதனால்தான் நடுவே ‘என்ற’ வந்து இரண்டையும் பிணைக்கிறது.

‘ஜெயித்த செய்தி’க்கு வருகிறேன். செய்தி என்பது செய் என்பதன் அடியாகப் பிறந்தது. “செய்தி கொன்றோர்க்கு உய்தி இல்” என்று புறநானூற்று 34ஆம் பாட்டு சொல்லும்போது அது நியூஸ் அல்ல, ஒருவர் செய்த உதவி. ஆக, செய்தி என்றால் செயல். ஆறில் ஒன்றாகிய செயலைக் கொண்டு பெயரெச்சம் முடிகிறது. ஒரு குற்றமும் இல்லை.

பெயருக்கு என் பரிந்துரை ‘கூற்றெச்சம்’. என் என்பது சொல்லுதலைக் குறிக்கும் வினை. மலையாளத்தில் ‘என்ன’, கன்னடத்தில் ‘எம்ப’, தெலுங்கில் ‘அனே’ என்று அக்கம்பக்கத்திலும் சொல்லுதல் வினையே இந்த வேலையைச் செய்கிறது. வள்ளுவரும் “நெருநல் உளனொருவன் இன்றில்லை என்னும் பெருமை” என்கிறார். பெருமைக்கு முன்னால் ஒரு முழு வாக்கியம் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள்.

(தஞ்சையிலிருந்து)

* * *

ஐயா, இரண்டு சந்தேகம்.

செய்தி செயலாகவே இருக்கட்டும். ‘அவன் ஜெயித்த விஷயம் எனக்குத் தெரியாது’ என்றும்தானே சொல்கிறோம்? விஷயத்துக்குச் செய் அடியில்லையே.

அடுத்து, தொல்காப்பிய எச்சவியலில் “எனவென் எச்சம் வினையொடு முடிமே” என்று நூற்பா இருக்கிறது. நம்முடையது பெயரோடு முடிகிறது. அதோடு, ‘விலை ஏறும்’ என்பது தானே முழுமையான முற்று. எஞ்சி நிற்பது ‘என்ற’ மட்டும். தொடர் முழுவதையும் எச்சம் என்றால் பிள்ளைகள் குழம்பமாட்டார்களா? தவிர, கூற்று என்றால் எனக்கு முதலில் எமன்தான் நினைவுக்கு வருகிறான். ‘பெயர்நிரப்பி’ என்று வைத்தால் என்ன?

(சென்னையிலிருந்து)

* * *

தம்பி, நூற்பாவை நினைவூட்டியதற்கு நன்றி. அதனால்தான் ‘எனவெச்சம்’ என்னாமல் ‘கூற்றெச்சம்’ என்றேன். எமனைக் கூற்று என்பது உடலையும் உயிரையும் வேறு வேறாகக் கூறுபடுத்துவதால். வாயால் கூறுவதும் மனத்தில் இருப்பதைப் பகுத்து வைப்பதுதான். இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது என் துணிபு. பெயர்நிரப்பி வேண்டாம், விண்ணப்பப் படிவத்தில் பெயர் எழுதுகிற கட்டம் போல இருக்கிறது.

(தஞ்சையிலிருந்து)

* * *

மீண்டும் கோவையிலிருந்து. வேரை இன்னொரு நாள் தோண்டலாம், ஐயா. மதுரை அம்மா சொன்னதை வைத்து நேற்றிரவு சில பெயர்ச்சொற்களை எழுதிப் பார்த்தேன். கிடைத்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

‘அவர் இறந்த செய்தி’ சரி. ‘அவர் இறந்த விஷயம்’ சரி. ‘அவர் இறந்த வதந்தி’? வாயில் வரவே இல்லை. ‘இறந்துவிட்டார் என்ற வதந்தி’ என்றுதான் வருகிறது. கருத்து, வாதம், ஐயம், எதிர்பார்ப்பு எல்லாம் அப்படியே. ‘ஜெயித்த நம்பிக்கை’ என்றால் ஜெயித்ததால் வந்த நம்பிக்கை. ‘ஜெயிப்பான் என்ற நம்பிக்கை’ என்றால் இன்னும் நடக்காத ஒன்று.

நடந்தது என்று நாமே ஒப்புக்கொண்டதைப் பெயரெச்சத்தில் நேராக ஒட்டுகிறோம். இன்னொருவர் சொல்வது, நினைப்பது, கிளப்பிவிடுவது என்றால் ‘என்ற’ போட்டு, இது என் வாய்மொழி அல்ல என்று காட்டிவிடுகிறோம். (‘இறந்தார் என்ற செய்தி’யும் உண்டு. அப்போது இன்னும் உறுதியாகவில்லையோ என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?) நம் மாணவர்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த வேறுபாடு இது.

ஆங்கிலத்தில் இந்த வசதி கிடையாது. ‘தெ ஃபேக்ட் தட்’, ‘தெ கிளெய்ம் தட்’ இரண்டிலும் ‘தட்’டுக்குப் பின்னால் வரும் தொடர் ஒன்றேதான். பொறுப்பு முழுவதும் முன்னால் நிற்கும் பெயரின் தலையில். ‘தாய்மொழியில் படித்தால் ஆங்கிலம் வராது’ என்பதை மறுத்துக் கட்டுரை எழுத வந்த மாணவர், அதை ‘தெ ஃபேக்ட் தட்’ என்று தொடங்கினால் எதிராளியின் வாதத்தை முதல் வரியிலேயே உண்மை என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ‘கிளெய்ம்’ என்றோ ‘பிலீஃப்’ என்றோ எழுதினால்தான் தள்ளி நின்று பேச முடியும். விடைத்தாள்களில் நான் அதிகம் சுழிப்பது இந்த இடத்தைத்தான். அதனால் தொடருக்கு வைக்கும் பெயரில் ‘என்ற’ வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்று இப்போது எனக்குப் படுகிறது.

* * *

நானும் அதைத்தான் சொன்னேன் சார். என்ற-தொடர்.

(மதுரையிலிருந்து)

* * *

என்ற-தொடருக்கு என் வாக்கும். பெயர்நிரப்பியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒன்று: ஆங்கிலத் தொடருக்குத் தமிழ்ச் சொல்லைப் பெயராக வைத்தால், ‘ஆங்கிலத்தில் என்ற எங்கே இருக்கிறது?’ என்று முதல் நாளே ஒரு பையன் கேட்பான். பதிலைக் கையேட்டிலேயே எழுதிவிடுங்கள்.

(சென்னையிலிருந்து)

* * *

எனக்கு உடன்பாடில்லை. கலைச்சொல் என்றால் வேறு தொடரோடு சேர்ந்து புதுச்சொல் பிறக்க இடம் தர வேண்டும். ‘என்ற-தொடர்’ நடுவில் ஒரு கோடு போட்ட அடையாளச் சீட்டு. அதிலிருந்து ஒன்றும் முளைக்காது. அதையே வைப்பதானாலும் ‘என்னும்-தொடர்’ என்று வையுங்கள். ‘என்ற’ இறந்தகாலம். விலை நாளைக்குத்தானே ஏறப்போகிறது?

(தஞ்சையிலிருந்து)

* * *

ஐயா, ‘என்ற’வில் காலம் எப்போதோ தேய்ந்துவிட்டது. ‘நாளை மழை வரும் என்ற அறிவிப்பு’ என்றுதான் பிள்ளைகள் எழுதுகிறார்கள், பேச்சில் ‘வரும்ங்கற’. ‘என்னும்’ அவர்கள் வாயில் அதிகம் வருவதில்லை.

(மதுரையிலிருந்து)

* * *

தேய்ந்தது என்பதற்காகத் தேய்ந்ததையே எடுத்துக் கொடுப்பதா, அம்மா?

(தஞ்சையிலிருந்து)

* * *

அனைவருக்கும் நன்றி. பக்கங்களை இன்று மாலை அச்சகத்துக்கு அனுப்புகிறேன். பாடத்துக்குள் ‘என்ற-தொடர்’. பின்னிணைப்பின் சொற்பட்டியலில் அதற்குப் பக்கத்திலேயே ‘கூற்றெச்சம்’ என்றும் சேர்த்திருக்கிறேன், ஐயா. குறளும் பாடத்தின் தலைப்பில் இருக்கிறது. ‘ஜெயித்த விஷயம்’ நன்னூலின் ஆறில் எங்கே அடங்கும் என்று யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், அடுத்த பதிப்பில் சேர்க்கலாம்.

(கோவையிலிருந்து)