பொழுது சாய்ந்தால் கோழிகள் கூட்டுக்குள் போக மாட்டேன் என்கின்றன, என்ன செய்யலாம்?

செல்லம்பட்டிக்காரன் | ஏப்ரல் 9, இரவு 9.10

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் பதினாறு உருப்படி வளர்க்கிறேன். இரண்டு சேவல், மற்றதெல்லாம் பெட்டையும் வெடையும். சிறுவிடை நாட்டுக்கோழிதான், ஒன்று மட்டும் கழுத்தில் இறகில்லாத கழுத்தறுத்தான். விற்பதற்கு இல்லை, வீட்டு முட்டைக்கும், விருந்தாளி வந்தால் குழம்புக்கும்.

பத்து நாளாக எதுவும் கூட்டில் அடைய மாட்டேன் என்கிறது. முன்பெல்லாம் ஆறு மணிக்குத் தானாக உள்ளே போகும், நான் கதவைச் சாத்தினால் போதும். இப்போது வாசல் வரை வருகின்றன, கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்க்கின்றன, திரும்பிப் போய் முருங்கை மரத்தில் ஏறிவிடுகின்றன. பிடித்து உள்ளே தள்ளினால் ராத்திரி முழுக்க முனகல், காலை மாற்றி மாற்றி வைக்கும் சத்தம். மூன்று நாளைக்கு முன்னால் மரத்திலிருந்து ஒரு வெடையை ஏதோ தூக்கிக்கொண்டு போய்விட்டது. காலையில் இறகுதான் கிடந்தது.

பகலில் ஒரு குறையும் இல்லை. கம்பு, குருணை எல்லாம் நன்றாகத் தின்கின்றன, கழிச்சல் இல்லை. ஆனால் தினம் ஆறு முட்டை எடுத்த இடத்தில் இப்போது இரண்டு. அடையில் இருந்த கோழி பன்னிரண்டாம் நாள் எழுந்து ஓடியது, திரும்ப உட்காரவே இல்லை, பதினோரு முட்டையும் கூழாகிவிட்டது. போன வாரம் ஒரு கிழட்டுப் பெட்டை கூட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தது, கொண்டை வெளுத்துப்போய்.

பிப்ரவரியில் ஊருக்கு வந்த முகாமில் எல்லாவற்றுக்கும் கழிச்சல் தடுப்பூசி போட்டாயிற்று. கூடு நாலடிக்கு மூன்றடி. பலகைச் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ். பொங்கல் கழிந்து நானே அடித்தது. வீட்டில் பாம்பு என்கிறார்கள், பக்கத்து வீட்டில் கண்ணேறு என்கிறார்கள். திருவிழாவுக்குத் தங்கை பிள்ளைகள் வருவதற்குள் சரிசெய்ய வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலூர் அக்கா | ஏப்ரல் 9, இரவு 9.45

தம்பி, முதலில் மரத்தில் அடைய விடுவதை நிறுத்துங்கள். மரநாயோ காட்டுப்பூனையோ, ருசி கண்டது திரும்ப வரும். பஞ்சாரம் இருக்கிறதல்லவா? திண்ணையில் கவிழ்த்து மேலே கல் வையுங்கள்.

எனக்கும் பாம்பு என்றுதான் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் கூட்டுக்கு அடியில் சாரை இருந்தபோது இப்படித்தான் எட்டிப் பார்த்துவிட்டு ஓடின. என்ன வலை அடித்திருக்கிறீர்கள்? அறுகோணக் கண் வைத்த சாதாரணக் கோழிவலை என்றால் நாய் பல்லாலேயே கிழித்துவிடும். அரை இஞ்ச் வெல்டு மெஷ்தான் நிற்கும்.

செல்லம்பட்டிக்காரன் | ஏப்ரல் 9, இரவு 10.05

நன்றி அக்கா. வெல்டு மெஷ்தான். பாம்புக்காகக் கூட்டைச் சுற்றி இரண்டு ராத்திரி சாம்பல் தூவிப் பார்த்தேன். பூனைத் தடம் இருந்தது, பாம்பு போன தடம் இல்லை. முட்டையும் காணாமல் போகவில்லை, கோழி இடுவதுதான் குறைந்திருக்கிறது.

கம்மாக்கரை | ஏப்ரல் 10, காலை 6.20

அண்ணே, இந்த வெயிலில் ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே நீங்கள் படுப்பீர்களா? சாயங்காலம் ஏழு மணிக்குக் கூட்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள், அடுப்பு மாதிரி இருக்கும். போதாததற்குப் பன்னிரண்டு சதுர அடிக்குள் பதினாறு உருப்படி. ஒன்றின் மூச்சு ஒன்றின் மேல். கூரை மேல் தென்னங்கீற்றை இரண்டு அடுக்காகப் போட்டு, பக்கத்தில் ஒரு பலகையை எடுத்துவிட்டு மெஷ் அடியுங்கள்.

பேரையூர் பருத்தி | ஏப்ரல் 10, காலை 7.00

ஏதோ பூச்சிதான். பருத்திக்கு அடித்த மருந்து மிச்சம் இருந்தால் கூட்டுக்குள் ஒரு ரவுண்டு அடித்துவிடுங்கள். வேலை முடிந்தது.

மேலூர் அக்கா | ஏப்ரல் 10, காலை 7.15

அடித்தால் கோழியும் முடிந்தது. நீங்களே அந்த முட்டையைத் தின்பீர்களா? தயவுசெய்து அடிக்காதீர்கள் தம்பி.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், வாடிப்பட்டி | ஏப்ரல் 10, காலை 8.30

தம்பி, கழிச்சல் பயம் வேண்டாம். ராணிக்கெட் என்கிற அந்தக் கழிச்சல் நோய் வந்திருந்தால் பத்து நாள் பொறுத்திருக்காது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், தப்பித்தவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். உங்கள் கோழிகள் பகலில் நன்றாகத்தானே மேய்கின்றன? ராத்திரி, அதுவும் கூட்டுக்குள் மட்டும்தான் தொல்லை. வெயில் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வெயில் மட்டும் என்றால் கொண்டை இப்படி வெளுக்காது. கொண்டை வெளுத்தால் ரத்தம் குறைகிறது என்று அர்த்தம். அந்த ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்று கேள்வி. பலகை புதிதா, பழையதா? வீட்டில் முட்டை எடுப்பவருக்குக் கையில் அரிப்பு உண்டா? ராத்திரி பத்து மணிக்கு மேல் டார்ச் அடித்துக் கூட்டுக்குள் பார்த்திருக்கிறீர்களா?

பார்க்கவில்லை என்றால் இன்று பாருங்கள். வெள்ளைத் துணி ஒன்றைக் கையில் சுற்றி, கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தை, மேல் பக்கம் வேண்டாம், அடிப்பக்கத்தை அழுத்தித் துடையுங்கள்.

செல்லம்பட்டிக்காரன் | ஏப்ரல் 10, மதியம் 1.40

ஐயா, பலகை பழையது. செல்லூரில் மச்சான் மாடியில் புறா வளர்த்தார். வீடு மாறியதும் புறாவைக் கொடுத்துவிட்டார், கூண்டைப் பிரித்து எனக்குத் தந்தார். அஞ்சு மாதம் சும்மா கிடந்த பலகை, அதனால் சுத்தமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். முட்டை எடுப்பது என் மகள்தான். முழங்கை வரைக்கும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருக்கிறது. வேர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொண்டிருந்தோம்.

செல்லம்பட்டிக்காரன் | ஏப்ரல் 10, இரவு 10.50

ஐயா, பார்த்தேன். இன்னும் உடம்பெல்லாம் ஊர்கிற மாதிரி இருக்கிறது.

பகலில் அந்தக் கம்பில் ஒன்றுமே தெரியாது. டார்ச் அடித்தபோது கம்பின் அடியில் பட்டை உரிந்த இடத்தில் மிளகுத்தூள் தூவிய மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால் அந்தத் தூள் நகர்கிறது. வேட்டித் துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். துணியில் ரத்தக்கோடு, கொசுவை நசுக்கினால் வருமே, அதுபோல நாலு விரல் நீளத்துக்கு. கழுத்தறுத்தானின் வெற்றுக் கழுத்தில் நாலைந்து ஊர்ந்துகொண்டிருந்தன.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், வாடிப்பட்டி | ஏப்ரல் 11, காலை 6.45

அது செல்லு, ரத்தம் குடிக்கிற பொடிப் பூச்சி. புறாவுக்கும் வரும், கோழிக்கும் வரும். பேன் என்றால் ராப்பகலாகக் கோழி மேலேயே இருக்கும், ஆசனவாய்ப் பக்கம் இறகை விலக்கினால் பகலிலேயே தெரியும். உண்ணியும் செல்லு மாதிரி இடுக்கில் ஒளிந்து ராத்திரி வருவதுதான், ஆனால் அது தட்டையாக மூட்டைப்பூச்சி அளவுக்கு இருக்கும். நீங்கள் பார்த்தது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாதது. பசியில் சாம்பல் நிறம், குடித்தபின் சிவப்பு. பகல் முழுக்கப் பலகை இடுக்கில் இருந்துவிட்டு, இருட்டியதும் ஏறிக் குடித்துவிட்டு இறங்கிவிடும். ரத்தம் கிடைக்காமலே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மச்சானின் பலகை அஞ்சு மாதம் சும்மா கிடக்கவில்லை, காத்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

அதனால் வைத்தியம் கோழிக்கு இல்லை, கூட்டுக்கு. கோழிக்கு மட்டும் மருந்து போட்டால் மறுநாள் ராத்திரி இடுக்கிலிருந்து புதுப் படை வரும்.

இன்றே கோழிகளைப் பஞ்சாரத்துக்கு மாற்றுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டாம். முட்டைக்கூடையில் இருக்கும் வைக்கோலைக் குப்பைமேட்டில் போடாமல் கொளுத்துங்கள். கம்புகளைத் தூக்கி எறியுங்கள். புதுக்கம்பு போடும்போது பட்டையைச் சீவிப் போடுங்கள். பலகை சேரும் இடம், ஆணித் துளை, கதவுக் கீல், ஒன்று விடாமல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுங்கள். சும்மா தெளித்தால் ஆறிவிடும், ஊற்ற வேண்டும். ஒரு பகல் வெயிலில் காய்ந்தபின் சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து இடுக்குகள் அடைகிற அளவுக்கு இரண்டு பூச்சு பூசுங்கள்.

இத்தோடு விட்டால் வீண். இந்தச் சூட்டில் முட்டை பொரிந்து, வளர்ந்து, திரும்ப முட்டை வைக்க ஒரு வாரம் போதும். அதனால் அஞ்சாம் நாளும் பத்தாம் நாளும் கொதிநீர் மறுபடி. கம்பின் இரண்டு முனையும் சுவரைத் தொடாமல், கால் வைத்த தாங்கி மேல் நிற்கட்டும். சோற்றுப் பானைக்கு எறும்பு ஏறாமல் அடியில் தண்ணீர்த் தட்டு வைப்போம் அல்லவா, அதேபோல அந்தக் கால்களை எண்ணெய் ஊற்றிய டப்பாவில் நிறுத்துங்கள்.

கோழிகள் புரள ஒரு குழியில் விறகுச் சாம்பல், செம்மண், காய்ந்த வேப்பிலைத்தூள் போட்டுவையுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் கால்நடை மருந்தகத்தில் டாக்டரைக் கேட்டுத்தான் மருந்து. எத்தனை நாள் முட்டை தின்னக் கூடாது என்பதையும் அவரிடமே கேளுங்கள். செல்லுதானா என்ற சந்தேகம் இருந்தால் நாலைந்தை மூடி போட்ட டப்பாவில் பிடித்துத் திருப்பரங்குன்றம் கால்நடைப் பல்கலைக்கழக மையத்தில் காட்டலாம். பாப்பாவின் கை தானாக ஆறிவிடும், அது மனித உடம்பில் தங்கிப் பெருகாது.

கம்மாக்கரை | ஏப்ரல் 11, காலை 7.30

செல்லூரிலிருந்து செல்லு! மச்சான் சும்மா கொடுத்தார் என்றபோதே யோசித்திருக்க வேண்டும் அண்ணே.

மேலூர் அக்கா | ஏப்ரல் 11, காலை 8.10

பாம்பு என்று பயமுறுத்தியதற்கு மன்னிக்கவும் தம்பி. அடைக் கூடையில் எங்கள் அப்பத்தா வைக்கோலுக்கு அடியில் நொச்சி இலை பரப்பிவிட்டுத்தான் முட்டை வைப்பார். இருக்கிற செல்லை அது கொல்லுமா தெரியாது, ஆனால் நாங்கள் இன்றும் வைக்கிறோம்.

செல்லம்பட்டிக்காரன் | ஏப்ரல் 22, இரவு 8.00

தகவல் சொல்லத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். ஐயா சொன்னபடி மூன்று முறை கொதிநீர் ஊற்றியாயிற்று. முதல் நாள் இடுக்கிலிருந்து வழிந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது, இரண்டாம் முறை லேசாக, நேற்று தெளிவாக. நேற்று ராத்திரி பத்தரைக்குத் துணியால் துடைத்தேன். வெறும் சுண்ணாம்புதான் ஒட்டியது. இனி வாரம் ஒரு முறை துடைத்துப் பார்ப்பதாக இருக்கிறேன்.

கம்மாக்கரை தம்பி சொன்னபடி கீற்றும் போட்டு, ஒரு பக்கம் பலகைக்குப் பதில் மெஷ் அடித்துவிட்டேன். இன்னொரு நாலடிக் கூடும் அடித்துக்கொண்டிருக்கிறேன், இந்த முறை கடையில் வாங்கிய புதுப் பலகையில். முட்டை நாலுக்கு வந்திருக்கிறது. மகள் கை ஆறிவிட்டது.

எல்லாம் ஆறு மணிக்கு உள்ளே போய்விடுகின்றன, அந்தக் கழுத்தறுத்தானைத் தவிர. அது மட்டும் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு முருங்கையில் ஏறிவிடுகிறது. தினமும் ஏணி போட்டு இறக்க வேண்டியிருக்கிறது.

கம்மாக்கரை | ஏப்ரல் 22, இரவு 8.20

அந்தக் கிளையை வெட்டிவிடுங்கள் அண்ணே.

செல்லம்பட்டிக்காரன் | ஏப்ரல் 22, இரவு 8.25

மரம் முழுக்கக் காய் தொங்குகிறது தம்பி. கிளையில் கை வைத்தால் வீட்டில் என்னைப் பஞ்சாரத்தில் போட்டு மூடிவிடுவார்கள்.